ரிக் எரிந்த இரவும், அதற்குப் பின் வந்த 87 நாட்களும்

எண்ணூர், மீஞ்சூர், காட்டுப்பள்ளி பக்கம் 'ஆஃப்ஷோர்' (கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் வேலை) என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காட்டுப்பள்ளியில் இருக்கும் எல் அண்ட் டி யார்டில் கடலில் நிறுத்தும் எண்ணெய் மேடைகளின் பாகங்களைச் செய்கிறார்கள். ஐடிஐ முடித்த பையன்கள் வெல்டராகவும் ஃபிட்டராகவும் ரிக்கராகவும் மும்பைக் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் கிளம்பிப் போகிறார்கள். அதே பகுதியில், கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழும் குப்பங்கள் இருக்கின்றன. கொஞ்சம் தெற்கே வந்தால் காசிமேடு. எண்ணெயை எடுக்கப் போகிறவர்களும் வலையில் எண்ணெய் படிந்து நிற்கிறவர்களும் ஒரே பேருந்தில் போய்வரும் ஊர் வடசென்னை.

அதனால்தான் கடலில் எண்ணெய் ரிக் எரிவதைப் பற்றிய படங்களை இங்கிருந்து பார்க்கும்போது வேறு கேள்விகள் வருகின்றன. இந்த வகைப் படங்களில் எல்லோருக்கும் தெரிந்தது பீட்டர் பெர்க் இயக்கி 2016இல் வந்த 'டீப்வாட்டர் ஹொரைசன்'. மார்க் வால்பெர்க் நடித்தது. நல்ல படம். ஆஃப்ஷோர் வேலைக்குப் போகும் பையன் யாராவது கேட்டால் தயங்காமல் பார்க்கச் சொல்வேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு, ஒரு விபத்து இப்படித்தான் தொடங்கி இப்படித்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டால் விஷயத்தில் பாதி நம் கைக்கு வராமலே போய்விடும். படம் தொடங்குவதற்கு முன்னால் நடந்ததும் படம் முடிந்த பிறகு நடந்ததும்தான் நமக்கு அதிகம் வேண்டியவை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் லூசியானா கரையிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி, மெக்சிகோ வளைகுடாவில் மக்காண்டோ என்ற கிணற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது டீப்வாட்டர் ஹொரைசன். அங்கே கடலின் ஆழமே 5,000 அடி. கால் ஊன்றி நிற்க முடியாத ஆழம். மிதந்தபடியே, செயற்கைக்கோள் காட்டும் இடத்தை விட்டு நகராமல், தன் அடியில் இருக்கும் சுழலிகளை ஓட்டிக்கொண்டு நிற்கும் ரிக் அது. தென்கொரியாவில் ஹூண்டாய் கட்டியது. 2001இல் வேலைக்கு வந்தது. 2009இல் வேறொரு இடத்தில் 35,000 அடிக்கு மேல் தோண்டி, அன்றைக்கு உலகிலேயே ஆழமான எண்ணெய்க் கிணறு என்ற பெயரை வாங்கியது. திறமையில்லாத ஆட்கள், ஓட்டை இயந்திரம் என்று இந்த விபத்தை ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கிணறு பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்துடையது. ரிக் டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்துடையது. சிமென்ட் வேலை ஹாலிபர்ட்டன். கடல் தரையில் கிணற்றின் வாய்மேல் உட்கார்ந்திருந்த பிஓபி என்ற ராட்சத வால்வு அடுக்கைச் செய்தது கேமரூன். ஒரே மேடையில் இத்தனை கம்பெனி. காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். ஒவ்வொருவருக்கும் தன் பங்கு வேலை தெரியும். மொத்தமும் சேர்ந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியவர் யார் என்பது மட்டும் தெளிவாக இருக்காது.

கிணறு தோண்டும்போது 'மட்' என்று சொல்லப்படும் கனமான திரவத்தைக் குழாய் வழியாக இறக்கிக்கொண்டே இருப்பார்கள். பாறைக்குள் அழுத்தத்தில் கிடக்கும் எண்ணெயும் வாயுவும் மேலே வராமல் அமுக்கி வைத்திருப்பது அந்த மட்டின் எடைதான். எடை குறைந்தால் வாயு உள்ளே நுழையும். எடை கூடினால் பாறை பிளந்து மட் அதற்குள் ஓடிவிடும். மக்காண்டோவில் இரண்டு தொல்லையும் மாறி மாறி வந்தன. 2010 ஏப்ரலில் தோண்டி முடித்தபோது வேலை 43 நாள் பின்தங்கியிருந்தது. ரிக்குக்கு வாடகை மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 5 லட்சம் டாலர்.

எண்ணெய் இருப்பது உறுதியாகிவிட்டது. இனி கிணற்றைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு ரிக் அடுத்த வேலைக்குக் கிளம்ப வேண்டும். அந்தக் கிளம்பும் அவசரத்தில் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். கடைசி எஃகுக் குழாய் துளையின் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் சிமென்ட் ஒழுங்காக இறங்காது. நடுவில் நிறுத்த 'சென்ட்ரலைசர்' மாட்டுவார்கள். ஹாலிபர்ட்டன் போட்ட கணக்கு 21 வேண்டும் என்றது. மாட்டியது 6. போட்ட சிமென்ட், நைட்ரஜன் வாயு கலந்த நுரைச் சிமென்ட். அதன் கலவை நிலையாக நிற்கவில்லை என்று ஹாலிபர்ட்டனின் சொந்தச் சோதனைகளிலேயே முன்பே தெரிந்திருந்தது. அந்தத் தகவல் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போகவில்லை. சிமென்ட் பிடித்ததா என்று ஒலி அலைகளை வைத்துச் சோதிக்க ஷ்லம்பெர்ஜர் என்ற இன்னொரு கம்பெனியின் ஆட்கள் ரிக்கில் வந்து காத்திருந்தார்கள். ஏப்ரல் 20 காலையில், சோதனை வேண்டாம் என்று ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனைக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு சுமார் 1,28,000 டாலர். ரிக்கின் கால்நாள் வாடகை.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் முழு விஷயத்துக்கும் நடுப்புள்ளி. 'நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட்' என்று ஒன்று. கிணற்றுக்குள் இருக்கும் கனமான மட்டில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். அடியில் சிமென்ட் நன்றாக அடைத்திருந்தால் அழுத்தம் பூஜ்யத்திலேயே நிற்கும். மறுபடி ஏறினால் கீழிருந்து ஏதோ வருகிறது என்று பொருள். துரப்பணக் குழாயில் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கவே மறுத்தது. இறக்கினால் மறுபடி ஏறியது. கடைசியில் 1,400 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்று காட்டியது. வேறொரு சிறிய குழாய் வழியாகப் பார்த்தால் பூஜ்யம். ஒரே கிணறு, இரண்டு குழாய், இரண்டு பதில். நல்ல பதிலை ஏற்றுக்கொண்டார்கள். கெட்ட பதிலுக்கு 'பிளாடர் எஃபெக்ட்' என்று, அதாவது மேலே இருக்கும் மட்டின் எடை அமுக்குவதால் வரும் எண்தான் அது என்று, ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அப்படி ஒரு விளைவு இந்த எண்ணை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பின்னால் விசாரித்த நிபுணர்கள் சொன்னார்கள். ராத்திரி 8 மணிக்குச் சோதனை தேறிவிட்டது என்று முடிவுசெய்து, கிணற்றில் மிச்சமிருந்த மட்டையும் எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பத் தொடங்கினார்கள். அமுக்கி வைத்திருந்த எடையைத் தாங்களே தூக்கிவிட்டார்கள்.

9 மணி தாண்டியதும் அழுத்தம் ஏறத் தொடங்கியது. திரையில் கோடாகத் தெரிந்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை. 9.40 வாக்கில் மட் மேடைமேல் பீய்ச்சியடித்தது. அதை நேராகக் கடலுக்குத் திருப்பியிருக்கலாம். அதற்கு வழி இருந்தது. ரிக்கிலேயே இருந்த வாயுப் பிரிப்பானுக்குத் திருப்பினார்கள், அது தாங்கவில்லை, வாயு மேடை முழுக்கப் பரவியது. வாயுவை இழுத்துக்கொண்ட ஜெனரேட்டர் இன்ஜின்கள் தறிகெட்ட வேகத்தில் ஓடின. 9.49க்கு முதல் வெடிப்பு. கடல் தரையில் இருந்த பிஓபி குழாயை வெட்டி மூடியிருக்க வேண்டும். உள்ளே குழாய் வளைந்து ஓரமாக ஒதுங்கிவிட்டதால் கத்தி முழுதாக வெட்டவில்லை. ரிக்கில் இருந்தவர்கள் 126 பேர். 11 பேர் இறந்தார்கள். மற்ற 115 பேரை, மட் ஏற்ற வந்து பக்கத்தில் நின்ற டேமன் பாங்க்ஸ்டன் என்ற சப்ளை கப்பல் ஏற்றிக்கொண்டது. எரிந்துகொண்டே இருந்த ரிக் ஏப்ரல் 22 அன்று மூழ்கியது.

சரி, படம் இதை எப்படிக் காட்டுகிறது?

நியூ ஆர்லியன்ஸில் கைவிடப்பட்ட ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் வாகன நிறுத்துமிடத்தில், ரிக்கை உண்மை அளவில் 85 சதவீதத்துக்கு இரும்பிலேயே கட்டினார்கள். அதன் பலன் திரையில் தெரிகிறது. படிக்கட்டு, கைப்பிடி, சேறு அப்பிய தரை, கண்ட்ரோல் அறையின் குறுகல் எல்லாம் நிஜம். ஒலிக்கும் காட்சி விளைவுகளுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது நியாயம்தான். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு வணிகப் படம், நெகட்டிவ் டெஸ்டை விளக்கப் பொறுமையாக நேரம் ஒதுக்கியிருக்கிறது. ஆரம்பத்தில் கதாநாயகனின் மகள் கோக் கேனையும் தேனையும் வைத்து அப்பாவின் வேலையை விளக்கும் காட்சியைப் பத்து வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். அந்த விளக்கம் இருப்பதால்தான் பின்னால் முள் 1,400ஐத் தொடும்போது நமக்கும் வயிற்றைப் பிசைகிறது.

இங்கேதான் படம் ஒரு குறுக்குவழியும் எடுக்கிறது. ஜான் மால்கோவிச் நடித்த பிபி அதிகாரி டொனால்ட் விட்ரின் பாத்திரம் வில்லனாகிவிடுகிறது. இழுத்துப் பேசும் பேச்சு, பார்வை, பணத்தைப் பற்றிய அவசரம். எதிரே கர்ட் ரஸ்ஸல் நடித்த ரிக் மேலாளர், நேர்மையான, பிடிவாதமான பெரியவர். இரண்டு பேர் மோதினால் காட்சி சூடாகும், அது சினிமாவின் தேவை. உண்மையில் அந்த அறையில் இருந்த குழப்பம் இவ்வளவு சுத்தமாகப் பிரியவில்லை. பிளாடர் எஃபெக்ட் என்ற விளக்கத்தைத் தந்தது ரிக் ஊழியர்களில் ஒருவர் என்று பிபி தரப்பு சொன்னது. அவர் வெடிப்பில் இறந்துவிட்டார். வந்து பதில் சொல்ல முடியாது. 2011 ஜனவரியில் அறிக்கை கொடுத்த அமெரிக்கத் தேசிய ஆணையம் இன்னும் சங்கடமான ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்தச் சோதனையை எப்படிச் செய்ய வேண்டும், வரும் எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை பிபியிடமும் இல்லை, டிரான்ஸ்ஓஷனிடமும் இல்லை, அரசு விதியிலும் இல்லை. கரையில் இருந்த பொறியாளர்களைக் கூப்பிட்டு 'இப்படி ஒரு எண் வருகிறது, என்ன செய்யலாம்' என்று கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? இல்லாத காகிதத்தைக் கேமரா எப்படிப் பிடிக்கும்? இது கஷ்டமான கேள்விதான், இயக்குநரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதன் விளைவு மோசமானது. படம் பார்த்து வெளியே வருகிறவர், அந்த ஒரு அதிகாரி மட்டும் நல்லவராக இருந்திருந்தால் 11 பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு வருவார். பிபியின் ஹூஸ்டன் அலுவலகத்தில் உட்கார்ந்து கிணற்றின் திட்டத்தைக் கடைசி வாரத்தில் மாற்றி மாற்றி எழுதியவர்கள் படத்தில் இல்லை. எண்ணெய்க் கம்பெனிகளிடம் வருமானத்தையும் வசூலித்துக்கொண்டு, அவர்களின் பாதுகாப்பையும் கண்காணித்த அரசுத் துறையும் இல்லை. விபத்துக்குப் பிறகு அந்தத் துறையைத்தான் உடைத்து இரண்டு வேலைகளையும் பிரித்தார்கள்.

நீதிமன்றத்திலும் கிட்டத்தட்ட படத்தின் கதையே திரும்ப நடந்தது. 2012இல் பிபி 11 மரணங்களுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 400 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. 2014இல் நீதிபதி கார்ல் பார்பியர், பொறுப்பில் பிபிக்கு 67, டிரான்ஸ்ஓஷனுக்கு 30, ஹாலிபர்ட்டனுக்கு 3 சதவீதம் என்று பிரித்துக் கொடுத்தார். தனிமனிதர்களில் பெரிய குற்றச்சாட்டைச் சுமந்தவர்கள் ரிக்கில் இருந்த இரண்டு பிபி மேற்பார்வையாளர்கள். மரணத்துக்குக் காரணமானவர்கள் என்ற வழக்கு 2015இல் கைவிடப்பட்டது. ஒருவர் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு விடப்பட்டார். மற்றவரை ஜூரி விடுவித்தது. அவர்களுக்கு மேலே இருந்த எந்த நிர்வாகியின் மேலும் 11 பேரின் மரணத்துக்காக வழக்கு வரவில்லை.

இனி கரைக்கு வருவோம். படத்தில் எண்ணெயில் குளித்த ஒரு கூழைக்கடா சப்ளை கப்பலின் அறைக்குள் வந்து விழுந்து துடிக்கும் காட்சி உண்டு. அதைத் தாண்டி எண்ணெய் எங்கே போனது என்பது கடைசியில் ஓடும் எழுத்துகளோடு சரி. உயிர் பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தைக் கட்டிக்கொள்கிறார்கள், இறந்த 11 பேரின் படங்கள் வருகின்றன, முடிந்தது. அந்த 11 முகங்களைக் காட்டியது சரி. அவர்களைத் தாண்டி உலகம் சீக்கிரமே எண்ணெயைப் பற்றிப் பேசப் போய்விட்டது என்ற வருத்தம் குடும்பங்களுக்கு இருந்தது. அதற்கு இந்தப் படம் ஒரு பதில். ஆனால் எண்ணூரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குப் படம் பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கும்.

கிணற்றை மூடியது ஜூலை 15. அதுவரை 87 நாள் எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. வெளியேறிய மொத்தம் 49 லட்சம் பீப்பாய் என்று அமெரிக்க அரசு கணக்கிட்டது. 2,000 கிலோமீட்டருக்கு மேல் கரையில் எண்ணெய் படிந்தது. அமெரிக்க மத்திய அரசின் கட்டுப்பாட்டில் இருந்த வளைகுடாக் கடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மீன்பிடிக்கத் தடை வந்தது. இறால் பிடிப்பவர்கள், சிப்பி எடுப்பவர்கள், வியட்நாமிலிருந்து வந்து அங்கே படகு வாங்கிப் பிழைத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கரையேறினார்கள். அப்புறம் பிபி அதே படகுகளை வாடகைக்கு எடுத்து எண்ணெய் அள்ள அனுப்பியது. கடலை இழந்தவனுக்கே கடலைத் துடைக்கும் கூலி வேலை. இந்தப் பகுதியைப் பேசிய படம் மார்கரெட் பிரவுன் எடுத்த 'தி கிரேட் இன்விசிபிள்' என்ற ஆவணப்படம், 2014. அதை எத்தனை பேர் பார்த்தார்கள்?

இங்கே கதை தெரிந்ததுதான். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய பிடபிள்யூ மேப்பிள் கப்பலும் எண்ணெய் ஏற்றி உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் கப்பலும் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் துறைமுகத்திலிருந்து முதல் அறிவிப்பு வந்தது. அதற்குள் எர்ணாவூர்ப் பக்கம் பாறைகளுக்கு இடையே கறுப்பாக, கெட்டியாக எண்ணெய் ஒதுங்கத் தொடங்கிவிட்டது. உறிஞ்சி எடுக்கக் கொண்டுவந்த இயந்திரங்களால் அந்தக் கெட்டி எண்ணெயை இழுக்க முடியவில்லை. கடலோரக் காவல் படையினர், மாணவர்கள், தன்னார்வலர்கள், குப்பத்து ஆட்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக நின்று பக்கெட்டில் மொண்டு கைமாற்றி அனுப்பினார்கள். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. ஆமைகள் முட்டையிட வரும் பருவம் அது. பல நாள் மீன் விலை போகவில்லை. எந்தக் கடலில் பிடித்தது என்று காசிமேட்டில் நின்று விளக்கம் சொல்லியும் வாங்க ஆளில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மறுபடி வந்தது. இந்த முறை கப்பல் இல்லை. மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் இறங்கி எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. படகின் விளிம்பு, வலை, அலையாத்தி வேர், வீட்டுச் சுவர், எல்லாவற்றிலும் கறுப்புக் கோடு. ஃபைபர் படகில் போய் மீனவர்களே கையால் அள்ளினார்கள். மாநில அரசு அறிவித்த நிவாரணம், பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். ஒரு செட் வலையின் விலை தெரிந்தவர்களுக்கு இந்தத் தொகை எதுவரை போகும் என்று தெரியும்.

இந்த இரண்டிலும் தீ இல்லை, வெடிப்பு இல்லை. கடலில் நடக்கும் எண்ணெய் விபத்து என்றால் தீப்பிழம்பு என்று பழகிவிட்ட கண்ணுக்கு இவை விபத்தாகவே தெரியாது. சினிமாவின் செல்வாக்கு நாம் நினைப்பதைவிட அதிகம். எரியாத விபத்தில் செய்திக் கேமராவும் நான்கு நாளில் கிளம்பிவிடுகிறது.

ரிக் விபத்தைத் திரையில் சொல்ல ஹாலிவுட் வழி ஒன்றுதான் என்றும் இல்லை. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். கடல் எண்ணெய்த் தொழிலில் அதைவிடப் பெரிய உயிரிழப்பு இன்றுவரை இல்லை. காரணம் ஒரு பர்மிட், அதாவது வேலைக்கான அனுமதிச் சீட்டு. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்தார்கள்; அந்தத் தகவல் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆட்களுக்குப் போகவில்லை; அவர்கள் அந்தப் பம்பை ஓட்டினார்கள். பக்கத்து மேடைகள், தீ தெரிந்தும், எண்ணெய் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. கல்லன் பிரபு நடத்திய விசாரணை 106 பரிந்துரைகளைக் கொடுத்தது. இன்றைக்கு எந்த யார்டிலும் ஹாட் வொர்க் (வெல்டிங் மாதிரி தீப்பொறி பறக்கும் வேலை) பர்மிட்டுக்கு இவ்வளவு கெடுபிடி இருக்கிறதே, அந்தக் கெடுபிடிக்குப் பின்னால் அந்த 167 பேர் இருக்கிறார்கள். 2013இல் வந்த 'ஃபயர் இன் தி நைட்' ஆவணப்படம் பிழைத்தவர்களை உட்கார வைத்துப் பேச விடுகிறது. அவர்கள் பேசும்போது பர்மிட் என்ற காகிதத்துக்குக் கனம் வந்துவிடுகிறது. நடிகரால் முடியாத வேலை அது.

வெல்டர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது நார்வேயின் அலெக்சாண்டர் கீலாண்ட். 1980 மார்ச் 27. அது தோண்டும் ரிக்காகக் கட்டப்பட்டு, தொழிலாளர்கள் தங்கும் மிதவையாகப் பயன்பட்டது. ஒரு தாங்கு குழாயில் ஒலிக்கருவி பொருத்துவதற்காக வைத்த சின்னப் பாகத்தின் 6 மில்லிமீட்டர் வெல்டில் விரிசல் இருந்தது. அது வளர்ந்து குழாய் முறிந்தது, அதைத் தொடர்ந்து மற்ற குழாய்களும் முறிந்து, ஐந்து கால்களில் ஒன்று கழன்று போனது. இருபது நிமிடம்போல ஆனது முழுதாகக் கவிழ. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். பலர் அப்போது மெஸ்ஸிலும் ரிக்கின் சினிமா அறையிலும் இருந்தார்கள். முக்கியமான தாங்கு பாகம் இல்லை என்று நினைத்து அலட்சியமாகப் போட்ட ஒரு வெல்ட். காட்டுப்பள்ளியில் ஒரு ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்து, தேறவில்லை என்று இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பும்போது எரிச்சல் வருவது இயல்பு. இந்தக் கதை தெரிந்தால் அந்த எரிச்சல் கொஞ்சம் குறையும்.

நம் பக்கத்துக் கதைகள்? டீப்வாட்டர் ஹொரைசன் மூழ்கிச் சரியாக மூன்று வாரம் ஆன நிலையில், 2010 மே 13 அன்று, வெனிசுவேலா கடலில் அபான் பேர்ல் என்ற ரிக் மூழ்கியது. அதன் சொந்தக்கார நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில்தான். ரிக்கில் இருந்த 95 பேரும் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். அதனால் அது யாருக்கும் நினைவில்லை. ஒரு ரிக் முழுதாகக் கடலுக்குள் போகிறது, ஒருவர்கூடச் சாகவில்லை; அதை எப்படிச் செய்தார்கள் என்பது எனக்கு எந்த வெடிப்புக் காட்சியைவிடவும் ஆர்வமான கதை. 2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பைக் கடலில் மூழ்கிய, தொழிலாளர்கள் தங்கும் மிதவையான பி-305 பார்ஜில் 261 பேர் இருந்தார்கள். 70க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. புயல் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது.

படமாக எடுத்தே ஆக வேண்டியது என்று நான் நினைப்பது மும்பை ஹை நார்த் என்ற எண்ணெய் மேடையின் கதை. 2005 ஜூலை 27. முந்தைய நாள்தான் மும்பை நகரமே மழையில் மூழ்கியிருந்தது. சமுத்ரா சுரக்ஷா என்ற உதவிக் கப்பலில் ஒரு சமையல்காரரின் விரல் நுனி வெட்டுப்பட்டது. மழைக்காற்றில் ஹெலிகாப்டர் வர முடியாத நிலை. மேடைக்குப் பக்கத்தில் கப்பலைக் கொண்டுபோய், கிரேன் கூடையில் அவரை மேலே ஏற்றி மருத்துவ உதவி தரலாம் என்று முடிவானது. கப்பலின் ஒரு உந்துபொறியில் கோளாறு இருந்தது; காற்று மேடையை நோக்கித் தள்ளும் பக்கமாகவே நெருங்கினார்கள். காயம்பட்டவரை ஏற்றி முடித்தாயிற்று. விலகும்போது அலை தூக்கியதில் கப்பலின் ஹெலிகாப்டர் தளம், மேடையின் வெளிப்பக்கமாக ஓடிய வாயுக் குழாயில் இடித்தது. தீப்பிடித்த மேடை இரண்டு மணி நேரத்துக்குள் சரிந்து கடலுக்குள் போனது. எட்டு உயிர்காப்புப் படகுகளில் இரண்டைத்தான் இறக்க முடிந்தது. சுமார் 15 மணி நேரம் நடந்த மீட்பில் 362 பேர் பிழைத்தார்கள். 22 பேர் போனார்கள். கப்பலுக்குள் ஆழ்கடல் வேலைக்காக அழுத்த அறையில் அடைபட்டிருந்த ஆறு டைவர்களால் சட்டென்று வெளியே வரவும் முடியாது; அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்காமல் கதவைத் திறந்தால் சாவு. ஒன்றரை நாளுக்குப் பிறகு அவர்களை மீட்டார்கள்.

இதில் வில்லன் யார்? விரல் அறுபட்ட ஆளுக்கு உதவ நினைத்ததுதான் தொடக்கம். கோளாறான உந்துபொறியோடு அந்தப் பக்கமாகப் போகக்கூடாது என்று சொல்லும் இடத்தில் யார் இருந்தார்கள், வெளிப்பக்கம் ஓடிய வாயுக் குழாய்க்கு ஏன் போதிய தடுப்பு இல்லை, உயிர்காப்புப் படகுகளை ஏன் தீயின் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டிய கதை. கடல் எண்ணெய்ப் பணிகளுக்கென்று தனிப் பாதுகாப்பு விதிகள் இந்தியாவில் அறிவிக்கப்பட்டதே 2008இல், இந்த விபத்துக்கு மூன்று வருடம் கழித்து. தமிழில் கடலையும் துறைமுகத்தையும் வைத்துப் படம் எடுப்பவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தக் கூடையில் ஏறி இறங்கியவர்களும், அந்தக் குழாய்களை வெல்ட் செய்தவர்களும் இங்கேயே மீஞ்சூரிலும் திருவொற்றியூரிலும் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்கிறவர் எர்ணாவூர்ப் பாறைகளுக்கும் போய், எண்ணெய் ஒதுங்கிய அடுத்த வருடம் வலையில் என்ன வந்தது என்றும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் திரைக்கதை முழுதாகும்.